ஸ்கெட்ச்சில் கோணமும் வளைவும்: டேப் எட்டுகிற அளவைப் போடுங்கள்

ஃப்ரீகேட் என்கிற வரைபட சாஃப்ட்வேரில் ஸ்கெட்ச் முழுசாகப் பூட்டிக்கொண்டால், அதாவது கொடுத்த அளவும் நிபந்தனையும் எல்லாக் கோட்டையும் பிடித்துவிட்டால், கோடெல்லாம் பச்சையாகிவிடும், அதே மாதிரி சாஃப்ட்வேரான சாலிட்ஒர்க்ஸில் கறுப்பாகிவிடும். அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று பலர் பிரிண்ட் கொடுத்துவிடுகிறார்கள். பச்சைக்கு அர்த்தம் இனி எதுவும் அசையாது என்பதுதான், அவ்வளவுதான். எந்த அளவை வைத்துப் பூட்டினீர்கள் என்பது சாஃப்ட்வேருக்குக் கவலையில்லை. புதுச்சேரியில் மேட்டுப்பாளையத்திலோ தட்டாஞ்சாவடியிலோ பட்டறையில் அந்தத் தாளைக் கையில் வாங்குகிறவரிடம் ஒரு டேப் இருக்கும், ஒரு மூலைமட்டம் இருக்கும், ஒரு வெர்னியர் இருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் கோணம் அளக்க ஒரு புரொட்ராக்டர் இருக்கும். நேர்கோட்டில் இது பிரச்சினையே ஆகாது, 450 என்றால் 450. கோணமும் ஆர்க்கும் (வட்டத்தின் ஒரு துண்டு) வந்துவிட்டால் ஒரே வடிவத்துக்கு நாலு விதமாக அளவு போடலாம், நாலும் கணக்குப்படி சரியாகவே இருக்கும், ஆனால் பட்டறையில் செல்லுபடியாவது அநேகமாக அதில் ஒன்றுதான்.

அந்த ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், அளவு போடும்போதே "இதை எதைக் கொண்டு அளப்பார்கள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அளக்க முடிகிற அளவை வைத்து ஸ்கெட்ச்சைப் பூட்டுங்கள். மற்றதை சாஃப்ட்வேரே கணக்குப் போட்டுச் சொல்லட்டும், அதை ரெஃபரன்ஸாகக் காட்டிவிட்டால் போதும்.

ஜன்னல் ஆர்ச்

ஒயிட் டவுன் பக்கம் ஒரு பழைய வீட்டு ஜன்னலுக்கு கிரில் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேல்பக்கம் வளைவு, முழு அரைவட்டம் இல்லை, அதைவிடத் தட்டையான ஆர்ச். சைட்டுக்குப் போய் அளந்து வருகிறவர் இரண்டு அளவுதான் கொண்டுவருவார்: வளைவு தொடங்கும் இடத்தில் அகலம், அங்கிருந்து உச்சி வரை உயரம். கிளியரன்ஸ் எல்லாம் கழித்து அகலம் 1200 மி.மீ., உயரம் 200 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியஸ் எவ்வளவு என்று அவரைக் கேட்டால் முறைப்பார். ஏனென்றால் அந்த வட்டத்தின் சென்டர் ஜன்னல் திறப்புக்கு நடுவில் அந்தரத்தில் இருக்கிறது, அங்கே டேப்பின் முனையைப் பிடிக்க எதுவும் இல்லை.

ஆனால் ஸ்கெட்ச்சைத் திறந்ததும் எல்லாரும் முதலில் செய்வது ஆர்க்கைக் கிளிக் செய்து ரேடியஸ் போடுவதுதான், ஏனென்றால் டைமென்ஷன் டூல் முதலில் காட்டுவது அதைத்தான். அப்புறம் 950 போட்டுப் பார்ப்பது, 1050 போட்டுப் பார்ப்பது, உயரம் 200-க்கு வருகிறதா என்று தடவிக்கொண்டிருப்பது.

ஃப்ரீகேட்டில் செய்யும் முறையைச் சொல்கிறேன், மற்றதிலும் இதே வழிதான். ஆர்க்கை உத்தேசமாக வரையுங்கள். அதன் இரண்டு முனைகளையும் இணைத்து ஒரு நேர்கோடு போட்டு அதைக் கன்ஸ்ட்ரக்‌ஷன் கோடாக, அதாவது பொருளில் சேராத உதவிக்கோடாக, மாற்றிவிடுங்கள். தனியாக ஒரு ஆர்க்குக்கு ஐந்து விதமான அசைவு உண்டு: சென்டர் பக்கவாட்டில் நகரலாம், மேல்கீழாக நகரலாம், ரேடியஸ் மாறலாம், தொடக்கக் கோணம் மாறலாம், முடிவுக் கோணம் மாறலாம். நேர்கோட்டுக்கு நாலு, அதாவது முனைக்கு இரண்டு. மொத்தம் ஒன்பது. முனைகளைச் சேர்த்ததும் நாலு போய்விடும், மிச்சம் ஐந்து. இப்போது இரண்டு முனைகளையும் செங்குத்து அச்சுக்குச் சமச்சீராக்குங்கள், இன்னும் இரண்டு போகும். இந்த இடத்தில் கோட்டுக்கு ஹரிஸான்டல் என்று தனியாகப் போடாதீர்கள். அச்சுக்குச் சமச்சீர் என்றாலே கோடு படுக்கையாகத்தான் இருக்க முடியும், மறுபடி சொன்னால் ரிடன்டன்ட் என்று கத்தும். ஒரு முனையைப் படுக்கை அச்சின் மேல் உட்காரவைத்தால் மிச்சம் இரண்டு. கோட்டின் நீளம் 1200, மிச்சம் ஒன்று.

அந்தக் கடைசி ஒன்றுதான் உயரம். ஒரு புள்ளியை வைத்து, அதை ஆர்க்கின் மேலும் செங்குத்து அச்சின் மேலும் பொருத்தி, ஆதிப்புள்ளியிலிருந்து அதற்கு 200 என்று கொடுங்கள். பச்சை. புள்ளியை முதலிலேயே ஆர்க்கின் உச்சிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள், ஏனென்றால் ஃப்ரீகேட்டுக்கு ஆர்க்கின் மேல் என்றால் அந்த முழு வட்டத்தின் மேல் எங்கே வேண்டுமானாலும் என்று அர்த்தம், கீழ்ப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டால் ஆர்ச் தலைகீழாகும்.

இப்போது ஆர்க்கின் ரேடியஸை ரெஃபரன்ஸாகப் போட்டுப் பாருங்கள், 1000 என்று வரும். கையால் சரிபார்க்க வேண்டுமா, பாதி அகலத்தின் வர்க்கத்தோடு உயரத்தின் வர்க்கத்தைக் கூட்டி, உயரத்தின் இரண்டு மடங்கால் வகுங்கள்: 3,60,000 கூட்டல் 40,000, வகுத்தல் 400, விடை 1000. சென்டர் கோட்டுக்குக் கீழே 800-ல் இருக்கும். 600, 800, 1000. பள்ளிக்கூடத்தில் படித்த அதே 3-4-5 முக்கோணம்தான். எண் இவ்வளவு அழகாக வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அளவை எடுத்தேன், உண்மையான ஜன்னலில் 987.4 மாதிரி ஏதாவது வரும், வரட்டும், அது ரெஃபரன்ஸ்தானே. ட்ராயிங்கில் ரெஃபரன்ஸ் அளவை அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம், இங்கே (1000) என்று. இதை வைத்து அளக்காதே, தகவலுக்காக மட்டும் என்று அதைப் படிக்கத் தெரிந்தவருக்குப் புரியும்.

இதே ஆர்க்கைக் கோணத்தால் பூட்டியிருந்தால் என்ன ஆகும்? சென்டரிலிருந்து ஆர்க் விரியும் கோணம் 73.74 டிகிரி. ஆட்டோகேட்டில் கோண அளவுக்கு தசம இடம் தொடக்கத்திலேயே பூஜ்யமாகத்தான் இருக்கும், டிம்ஏடெக் என்ற செட்டிங்கை மாற்றாதவரை ட்ராயிங்கில் 74 என்றுதான் விழும். பட்டறையில் 1000 ரேடியஸ், 74 டிகிரி என்று எடுத்து வளைத்தால் அகலம் 1203.6 மி.மீ. ஆகிவிடும். விட்ட கிளியரன்ஸ் அதற்குப் போதாவிட்டால் கிரில் உள்ளே போகாது. ஸ்கெட்ச்சும் சரி, பட்டறைக்காரரும் தாளில் இருந்ததைத்தான் செய்தார், ஆனாலும் மூன்றரை மி.மீ. கிரைண்டரில்தான் போகும்.

கம்பி எவ்வளவு வெட்டுவது

ஆர்க்கின் நீளம் இன்னொரு அளவு, இதைப் பலர் போடவே மாட்டார்கள், ஆனால் வெல்டர் முதலில் கேட்பது அதைத்தான். சாலிட்ஒர்க்ஸில் ஸ்மார்ட் டைமென்ஷனை எடுத்து ஒரு முனை, மறுமுனை, அப்புறம் ஆர்க் என்று மூன்றையும் கிளிக் செய்தால் ஆர்க் நீளம் வரும். முனைகள் இரண்டை மட்டும் கிளிக் செய்துவிட்டு வைத்தால் வருவது நேர்த்தூரம், அதாவது நாண். ஆர்க்கை மட்டும் கிளிக் செய்தால் ரேடியஸ். ஆட்டோகேட்டில் டிம்ஆர்க் என்று தனிக் கட்டளை உண்டு. நம் ஆர்ச்சுக்கு 1287 மி.மீ. வரும். எண்ணோடு சின்ன வில் குறி வருகிறதா என்று பாருங்கள், அதை அழித்துவிடாதீர்கள். அந்தக் குறி இல்லாமல் 1287 என்று மட்டும் இருந்தால் நாண் நீளம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

1287 என்பது வெளிவிளிம்பு. 5 மி.மீ. பட்டையை அதன் தட்டைப் பக்கமாக வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும், நீளம் மாறாமல் இருப்பது கனத்தின் நடுவில் ஓடுகிற கோடு. அதன் ரேடியஸ் 997.5, நீளம் 1283.8. அதனால் பட்டையின் நடுக்கோட்டை ஒரு கன்ஸ்ட்ரக்‌ஷன் ஆர்க்காகப் போட்டு அதன் நீளத்தை ரெஃபரன்ஸாகக் கொடுப்பது நல்லது. அனுபவப்பட்ட வெல்டர் எப்படியும் ஒரு விரல் கூடுதலாக வெட்டி வளைத்த பிறகு முனையைச் சீவுவார், அது அவர் இஷ்டம்.

கிரில் இல்லை, அந்த ஆர்ச்சையே கட்டுகிற கொத்தனாருக்கோ சென்டரிங் பலகை அறுக்கிற ஆசாரிக்கோ தாள் போகிறது என்றால் ரேடியஸும் வேண்டாம், நீளமும் வேண்டாம். அடிக்கோட்டிலிருந்து உயரங்களைக் கொடுங்கள். நடுவில் 200, நடுவிலிருந்து 100 தள்ளி 195, 200-ல் 179.8, 300-ல் 153.9, 400-ல் 116.5, 500-ல் 66, 600-ல் பூஜ்யம். பலகையில் ஆணி அடித்து ஒரு மெல்லிய ரீப்பரை வளைத்து வைத்துக் கோடு போட்டுவிடுவார். ஸ்கெட்ச்சில் இதற்கு ஏழு புள்ளிகள் வைத்து ரெஃபரன்ஸ் அளவு போட்டால் போதும், பிறகு அகலம் மாறினாலும் தானாக மாறிக்கொள்ளும்.

கூரான ஆர்ச் கேட்பவர்களும் உண்டு, ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவைப் பார்த்துவிட்டு வீட்டு வாசலுக்கும் அந்தக் கோதிக் பாணி வேண்டும் என்று. அதில் எளிமையான வகைக்கு ஒரே ஒரு அளவு போதும். இரண்டு ஆர்க், ஒவ்வொன்றின் சென்டரையும் எதிர்ப்பக்கத்து ஆர்க்கின் கீழ்முனையோடு சேர்த்துவிடுங்கள், மேல்முனைகளை ஒன்றோடொன்று சேருங்கள், அடியைப் படுக்கையாக வைத்து அகலத்தைக் கொடுங்கள். அகலமே ரேடியஸ், ஒவ்வொரு ஆர்க்கும் 60 டிகிரி, அகலம் 1000 என்றால் உயரம் 866. கோணம் எங்கேயும் டைப் செய்யத் தேவையில்லை.

கோணம்: எந்தக் கோணம்?

இரண்டு கோடு வெட்டிக்கொண்டால் நாலு கோணம் உண்டாகும், எதிரெதிர் சமம் என்பதால் எண் இரண்டு. டைமென்ஷன் எழுத்தை எங்கே இழுத்து வைக்கிறீர்களோ அந்தக் கால்பாகத்துக் கோணம்தான் விழும், ஆட்டோகேட்டும் சாலிட்ஒர்க்ஸும் அப்படித்தான். மவுஸ் கொஞ்சம் நழுவினால் 45-க்குப் பதில் 135. அதனால் எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அம்புகள் எந்தக் கோடுகளுக்கு நடுவில் நிற்கின்றன என்பதையும் பாருங்கள்.

இதில் சாஃப்ட்வேரைத் தாண்டி ஆட்கள் செய்கிற குழப்பம் ஒன்று இருக்கிறது. கடலூர் சிப்காட் மாதிரி இடத்தில் பைப் வேலை செய்கிறவருக்கு 45 டிகிரி எல்போ என்றால் பைப் தன் நேர்வழியிலிருந்து 45 திரும்புகிறது என்று அர்த்தம். உங்கள் ஸ்கெட்ச்சில் அதே இடத்தில் இரண்டு பைப்புக்கும் நடுவில் இருக்கிற கோணம் 135. ஷீட் வளைக்கிற பிரெஸ் பிரேக்கிலும் இதே கதை, திரும்பும் கோணமா உள்கோணமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். 90-ல் இரண்டும் ஒன்று என்பதால் யாருக்கும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும், 30-ம் 60-ம் வரும்போதுதான் சண்டை. தீர்வு சுலபம்: முதல் கோட்டை அதன் நேர்வழியிலேயே கன்ஸ்ட்ரக்‌ஷன் கோடாக நீட்டி, அந்த நீட்சிக்கும் இரண்டாவது கோட்டுக்கும் நடுவில் கோணத்தைப் போடுங்கள். படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், எழுதி விளக்க வேண்டியதில்லை.

0, 90, 180 ஆகிய மூன்றையும் எண்ணாகப் போடவே வேண்டாம். பாரலல், பர்பென்டிகுலர், ஹரிஸான்டல், வெர்டிகல் எல்லாம் அதற்குத்தான் இருக்கின்றன. 20-ல் வரைந்த கோட்டுக்குத் திடீரென்று 160 என்று டைப் செய்தாலும் ஸ்கெட்ச் மறுபக்கம் புரண்டு எழும். மவுஸால் உத்தேசமாக 150 பக்கம் இழுத்து வைத்துவிட்டு அப்புறம் எண்ணைக் கொடுங்கள்.

ஃப்ரீகேட்டில் கோண டூலை எடுத்து ஒரே ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்தால் படுக்கை அச்சோடு அதன் சாய்வு வரும், இரண்டு கோடு என்றால் இடைக்கோணம், ஒரு ஆர்க் என்றால் அது விரியும் கோணம். 1.0 பதிப்பிலிருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே டைமென்ஷன் டூல் இருக்கிறது, வேண்டிய வகை வராவிட்டால் எம் பட்டனை அழுத்தினால் அடுத்த வகைக்குப் போகும்.

நீளமான கோடுகளில் கோணமே வேண்டாம் என்பது என் கட்சி. 400 மி.மீ. நீளக் கையில் ஒரு டிகிரி தப்பினால் முனை 7 மி.மீ. தள்ளிப் போய்விடும். தனியாக டாலரன்ஸ் (அனுமதிக்கிற கூடக்குறைவு) எழுதாத ட்ராயிங்கில் இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 2102-ன் மீடியம் வகுப்பைக் குறிப்பிட்டிருந்தால், கோணத்தின் குட்டைப் பக்கம் 10 மி.மீ. வரை இருக்கும்போது கூடக்குறைய ஒரு டிகிரி, 50 வரை 30 நிமிடம் (60 நிமிடம் ஒரு டிகிரி), 120 வரை 20 நிமிடம், 400 வரை 10 நிமிடம், அதற்கு மேல் 5 நிமிடம். நீளம் கூடக்கூடப் பிடி இறுகுவதற்குக் காரணம் அந்த 7 மி.மீ.தான். பத்து நிமிடக் கோணத்தை டேப் வைத்திருக்கிறவர் எப்படிப் பிடிப்பார்? அதனால் நீளமும் ஏற்றமும் கொடுத்துவிடுங்கள்.

சாய்தளம் இதற்கு நல்ல உதாரணம். கடலூரில் மழைத்தண்ணீருக்குப் பயந்து தரையை உயர்த்திக் கட்டிய வீடு, வாசல் 450 மி.மீ. உயரம், வீல்சேர் ஏற 1-க்கு 12 சரிவு. கோணம் 4.76 டிகிரி. அதை 5 என்று எழுதினால் 5400 வர வேண்டிய நீளம் 5143.5-ஆகச் சுருங்கி, தள்ளுகிறவர் கைக்குத் தெரிகிற அளவு ஏற்றம் கூடிவிடும். ஸ்கெட்ச்சில் உயரத்தைக் கொடுத்து, நீளம் இருக்கும் பெட்டியில் உயரம் பெருக்கல் 12 என்று சூத்திரமாகவே எழுதிவிடலாம். கோணம் தாளில் வரவே வேண்டாம்.

கோடும் ஆர்க்கும் சேரும் இடம்

வளைந்த ராடு ஒன்று: நேர்க்கோடு, ஆர்க், நேர்க்கோடு. இரண்டு சந்திப்பிலும் டேன்ஜென்ட், அதாவது கோடும் ஆர்க்கும் மடிப்பில்லாமல் தொட்டுச் சேரும் நிபந்தனை, கொடுத்தாகிவிட்டது. ரேடியஸ் 30, கோடுகளுக்கு நடுவில் உள்கோணம் 135. இதற்கு மேல் ஆர்க்குக்கு 45 என்று கோணம் போட்டால் ஸ்கெட்ச் கோபித்துக்கொள்ளும், ஏனென்றால் 180-ல் 135 போக மிச்சம் 45-தான் அந்த ஆர்க் விரிய முடியும், அது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. சிவப்போ ஆரஞ்சோ வந்தால் கண்ணில் பட்ட அளவை அழிக்காதீர்கள். டேன்ஜென்ட்டை அழித்தாலும் பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்பு வந்துவிடலாம். அழிக்க வேண்டியது கடைசியாகப் போட்ட எண்ணை, அல்லது அதை ரெஃபரன்ஸாக மாற்றுங்கள்.

நேர்க்கோடுகளின் நீளத்தைச் சந்திப்பு வரை கொடுப்பதா, மூலை வரை கொடுப்பதா என்றால் மூலை வரைதான். மூலை என்பது இரண்டு கோட்டையும் நீட்டினால் வெட்டிக்கொள்ளும் இடம். டேன்ஜென்ட் ஆகிற புள்ளியை ராடில் யாரும் தொட்டுக் காட்ட முடியாது, மூலையை ஸ்கேல் இரண்டு வைத்துப் பிடித்துவிடலாம். சாலிட்ஒர்க்ஸில் ஸ்கெட்ச் ஃபில்லெட் (மூலை உருட்டல்) போடும்போது மூலையைத் தக்கவைக்கும் வசதி இருக்கிறது, ஃப்ரீகேட்டிலும் உண்டு. சின்னச் சின்ன ஃபில்லெட்டுகளை ஸ்கெட்ச்சில் போடாமல் பொருளான பிறகு தனியாகப் போடுவதே நல்லது, ஸ்கெட்ச் லேசாக இருக்கும்.

ஓட்டை என்றால் டயா (விட்டம்), ஏனென்றால் டிரில் பிட் டயாவில்தான் விற்கிறார்கள். மூலை உருட்டல் என்றால் ரேடியஸ். அரைவட்டத்துக்கு மேல் போகிற ஆர்க்குக்கு டயா கொடுத்தால் வெர்னியரால் பிடித்துப் பார்த்துவிடலாம்.

ஃபிளாஞ்சில் ஓட்டைகள் வட்டமாக வரும்போது பிசிடி வட்டத்தை, அதாவது ஓட்டைகளின் சென்டர்கள் எல்லாம் உட்காரும் வட்டத்தைக் கன்ஸ்ட்ரக்‌ஷனாகப் போட்டு டயா கொடுங்கள். ஆறு ஓட்டைக்கும் ஆறு 60 போட்டால் ஆறாவது ரிடன்டன்ட், ஐந்து போட்டதுமே அது முடிவாகிவிடும். ஒன்றை வரைந்து பேட்டர்ன் போடுவது இன்னும் சுத்தம். சரிபார்க்கிறவருக்காகப் பக்கத்து ஓட்டைகளின் சென்டர் தூரத்தை ரெஃபரன்ஸாகக் கொடுங்கள். 200 பிசிடியில் ஆறு ஓட்டை என்றால் 100, எட்டு என்றால் 76.54.

பிரிண்டுக்கு முன்னால் கோணங்கள் தசமத்தில் இருக்கின்றனவா, நிமிடத்திலா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 22.5 டிகிரியும் 22 டிகிரி 30 நிமிடமும் ஒன்று, 22.30 வேறு. வெர்னியர் புரொட்ராக்டர் ஐந்து நிமிடம் வரைக்கும் காட்டும், அதை வைத்திருக்கும் இடத்துக்கு நிமிடத்தில் கொடுங்கள். லேசர் கட்டிங்குக்கு ஃபைலாகப் போகிறது என்றால் தசமமே இருக்கட்டும், அங்கே ஃபைலில் இருக்கும் கோட்டைத்தான் மெஷின் வெட்டும், தாளில் இருக்கும் எண் பொருளை எடுக்க வருகிறவர் சரிபார்க்க.